ஜன்னல் பக்கத்துக் கன்னம்

டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்கு மின்னல் என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதை விருது மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டார். எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று யார் கேட்டாலும், எவ்வளவு நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்பதுதான் முதலில் அவர் வாயிலிருந்து வரும். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே சேர்த்துவிடுவார். இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பி, பார்த்தீர்களா என்பது போல ஒரு பார்வை பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் மனிதர் காலமெல்லாம் வண்டி ஓட்டினார் என்று சொன்னாலும் தப்பில்லை.

மலையைத் தாண்டி ஏரிக்கரை வரைக்கும் எத்தனையோ பேரை ஏற்றிப் போயிருக்கிறார். எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், எங்கே மழை பெய்தால் மண் சரியும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அந்த ஏரி என்ன நிறம் என்று கேட்டால் விழிப்பார். டிரைவருக்குச் சாலை தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் பின்சீட்டுக்காரர்கள் சமாச்சாரம் என்பது அவருடைய கட்சி.

மனைவி தையற்காரி. வீட்டு முன்னறையில் ஜன்னலை ஒட்டி அவளுடைய மிஷின். பள்ளிக்கூடச் சீருடை, திரைச்சீலை, விளிம்பு அடிக்க வரும் பேன்ட்டுகள் என்று அதைச் சுற்றி எப்போதும் துணி குவிந்திருக்கும். அவர் விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவார். திரும்பும்போது அவள் குனிந்து தைத்துக்கொண்டிருப்பாள். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். இரண்டு பேரும் மணிக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது என்றால் அது அந்தக் காரில்தான். ஏரிக்கரையிலிருந்து யாரையாவது அழைத்துவர வண்டி காலியாகப் போகும் நாட்களில், அவளும் முன்சீட்டில் ஏறிக்கொள்வாள். மலை உச்சி வரும்போது, "இங்க கொஞ்சம் நிறுத்துங்களேன், ஏரியைப் பாத்துட்டுப் போலாம்" என்பாள். "வரும்போது நிறுத்தறேன்" என்பார் மின்னல். வரும்போது வண்டியில் ஆள் இருக்கும். ஆள் இருக்கும்போது நிறுத்தினால் மின்னல் என்ற பெயர் என்னாவது?

போன வருடத்திலிருந்து அவள், பல்பு வெளிச்சம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பெரிய பல்பாக மாற்றினார். அப்புறம் அதைவிடப் பெரியதாக மாற்றினார். கதவு நிலையில் அவள் தோள் அடிக்கடி இடித்தது. "பாத்து நடக்கக் கூடாதா?" என்று ஒரு நாள் எரிந்து விழுந்தார். அதை இப்போது நினைத்தால் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கண் டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. இரண்டு கண்ணிலும் ஓரத்திலிருந்து பார்வை அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு கண் அநேகமாகப் போய்விட்டது. மற்றதை ஏரிக்கு அந்தக் கரையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய வேண்டும். "போனது வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்தப் பாக்கலாம். அதையும் உறுதியா சொல்ல முடியாது. சில பேருக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் இருக்கறதும் போயிருக்கு. செய்யாம விட்டா நிச்சயமா போயிடும்." மின்னலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள்தான் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். எழும்போது நாற்காலிக் கையில் இடித்துக்கொண்டாள்.

"எப்படித் தெரியுது உனக்கு?" என்று ஆஸ்பத்திரி வாசலில் கேட்டார். அதுவரை கேட்டதில்லை.

"பேப்பரைச் சுருட்டி அது வழியா பாக்கற மாதிரி. நேரா பாத்தா தெரியும். கொஞ்சம் விலகினா இல்லை."

ஏரியின் அந்தக் கரையில்தான் மகளும் இருந்தாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு, முந்தின நாள் சாயங்காலமே சேர்க்க வேண்டும் என்று போனில் சொன்னாள். ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும் பெரிய சாலையில் எப்படிப் போனால் சீக்கிரம் போகலாம் என்று மின்னல் உடனே கணக்குப் போட ஆரம்பித்தார். தையற்காரி குறுக்கே பேசினாள்.

"கார் வேண்டாம். ரயில்ல போவோம். அடிவாரத்துல மலை பஸ் இருக்கில்ல, அதுல ஏறுவோம். உச்சியில கொஞ்ச நேரம் நிப்பாட்டுவானாம், ஏரியைப் பாக்கணும். அப்புறம் படகுல அந்தக் கரைக்குப் போயிடலாம்."

"என் காருக்கு என்ன குறை?"

"காருக்கு ஒரு குறையும் இல்லை. அதை நீங்கல்ல ஓட்டுவீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. யாரும் அவர் ஓட்டுவதைக் குறை சொன்னதில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அவள் நிலாவைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பார். காரைத் துடைத்து, உறை போட்டு மூடி வைத்தார். சாவி இல்லாத சட்டைப்பையை அன்று முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ரயிலில் எதிரெதிராக இரண்டு ஜன்னல் சீட்டு. முன்னால் பார்த்த சீட்டில் அவள் உட்கார்ந்தாள், எதிரே அவரை உட்காரச் சொன்னாள். வண்டி வேகம் பிடித்ததும் மின்னலுக்கு வயிற்றைப் புரட்டியது. வாழ்நாளெல்லாம் முன்னாலேயே பார்த்துப் போன மனிதர். பின்பக்கமாகப் போவது அவர் உடம்புக்கு ஒத்துவரவில்லை. முகம் வெளுத்து, அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"டிரைவருங்களுக்கு வர்ற வியாதி" என்றார் கொஞ்சம் பெருமையாகவே. அவள் என்னவோ சொல்ல வாயெடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் பார்ப்பதே தனி விதமாக இருந்தது. கண்ணை ஓட்டிப் பார்க்க முடியாததால் கழுத்தைத்தான் ஓட்டினாள். ஒரு மரத்தைப் பிடித்து, அது போகிற வரைக்கும் கூடவே தலையைத் திருப்பி, பிறகு அடுத்ததைத் தேடினாள். தையற்காரி என்பதால் எல்லாம் அவளுக்குத் துணியாகத்தான் தெரிந்தது. "அந்தப் புல்லு நல்லா துவைச்ச பச்சை. அந்தப் பக்கம் இருக்கறது இன்னும் துவைக்காத கோடி." மின்னல் முதலில் சிரித்தார். அப்புறம் அவரும் பார்க்க ஆரம்பித்தார். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே அவருடைய சாலை வந்தது. அதை ஒட்டி, கல்லும் நுரையுமாக ஒரு ஓடை கூடவே ஓடிவந்தது.

"இது எப்போ வந்துச்சு?" என்றார்.

"எது, ஓடையா? அது எப்பவும் இருக்கே. எத்தனை தடவை காட்டியிருக்கேன். 'ம்'னு சொல்வீங்க."

அவர் அதற்கும் 'ம்' என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதே அந்த ஓடை உள்ளவரைக்கும் அவருக்கு மறந்துபோயிருந்தது.

அடிவாரத்தில் இறங்கினார்கள். அவள் முகம் கழுவிக்கொண்டு வரப் போனாள். கைப்பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்றதற்கு, "அங்க நீங்க வர முடியாது, வெளிய நில்லுங்க" என்றாள். அவர் பைகளோடு நின்றார். இரண்டு பஸ் நின்றது. மலை பஸ் பழையது. டிரைவர் சீட்டில் ஆளையே காணோம், கதவுப் படியில் ஒரு கிழவர் உட்கார்ந்து வெற்றுப் பேச்சுப் பேசிக்கொண்டிருந்தார். இன்னொன்று, மலையைக் குடைந்து போட்ட சுரங்கப் பாதை வழியாகப் போவது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் பக்கவாட்டில் தட்டித் தட்டி, "படகுத்துறை, படகுத்துறை, இதோ கிளம்பறோம், பாதி நேரத்துல போயிடலாம்" என்று கத்திக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் மின்னல் யோசித்தார் என்று சொன்னால் அது பொய். அவர் யோசிக்கவே இல்லை. பாதி நேரம் என்ற சொல் காதில் விழுந்தது, கால் நடந்துவிட்டது. பைகளை ஏற்றி, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டைப் பிடித்து, கைக்குட்டையைப் போட்டுவிட்டு இறங்கி வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே வந்தவளை, "வா வா, எடுக்கப் போறான்" என்று கையைப் பிடித்து ஏற்றினார். பஸ்ஸின் பெயர்ப்பலகை நெற்றியில் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று அவள் தேடிப் பிடிப்பதற்குள் அவர் அவளை உள்ளே கொண்டுவந்துவிட்டார். அவர் கூப்பிட்டார், அவள் வந்தாள். அவ்வளவு நம்பிக்கை.

பஸ் கிளம்பியது. மின்னலின் கண் சாலையில். முன்னால் லாரி வந்தால் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. பஸ் டிரைவர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்களும் நம்ம தொழிலா?" என்று கேட்டார். மின்னலுக்கு உச்சி குளிர்ந்துபோனது. எந்த ஸ்டாண்டு, எத்தனை வருஷம் என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு சுவாரசியத்தில் அவர், அவள் வெளியே எதையோ தேடித் தேடிக் கழுத்தைத் திருப்புவதைக் கவனிக்கவில்லை.

"இன்னும் ஏறவே இல்லையே" என்றாள் அவள். "வளைவே வரலையே. இது எந்த வழி?"

அவர் பதில் சொல்வதற்குள் சுரங்கத்தின் வாய் வந்துவிட்டது. பஸ் உள்ளே போனது.

மின்னலுக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே கருப்பு, சுவரில் எட்டத்துக்கு ஒன்றாக மங்கலான விளக்கு. அவள் கழுத்தைத் திருப்புவதை நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். பஸ் டிரைவர் ஏதோ கேட்டார். இவர் காதில் விழவில்லை.

"எவ்வளவு நேரம் மிச்சமாச்சு?" என்று கேட்டாள் அவள்.

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் எப்படியாவது சமாளித்திருப்பார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் மாதிரி கேட்டாள்.

"நான் வேணும்னு..." என்று இழுத்தார்.

"தெரியும். நீங்க வேணும்னு செய்யலை. அதான் கஷ்டமா இருக்கு."

சுரங்கம் நீண்டுகொண்டே போனது. சமீபத்தில் இதைத் திறந்தபோது ஸ்டாண்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

படகுத்துறையில் இறங்கியதும், "திரும்பிப் போவோம்" என்றார். "அடுத்த பஸ்ல அடிவாரத்துக்குப் போயிட்டு மலை பஸ்ல ஏறி வருவோம். உச்சியைப் பாத்துட்டே வருவோம்."

"அப்படி வந்தா படகு இருக்காது. சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரியில சேரணும். விடுங்க. போனது வராதுன்னு டாக்டரே சொல்லிட்டாரே." வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவரால் அதைத் தாங்க முடியவில்லை. அவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, சீக்கிரம் படகிலாவது ஏற்றிவிடலாம் என்று கயிறு கட்டும் ஆளிடம் போனார்.

"படகு எப்போ எடுப்பீங்க?"

"மலை பஸ் வந்ததும்."

"அது எப்போ வரும்?"

"வர்றப்போ வரும். வராம எடுக்க மாட்டோம். அந்த பஸ்காரங்களை விட்டுட்டுப் போறது இந்தத் துறையில வழக்கம் இல்லை."

"அப்போ சுரங்க பஸ்ல வந்தவங்க?"

"அந்த பெஞ்சுலதான் உக்காந்திருப்பாங்க" என்றார் அந்த ஆள், கயிறைச் சுருட்டிக்கொண்டே. "பாதி நேரத்துல வந்து மீதி நேரத்துக்கு உக்காருவாங்க."

எத்தனையோ வருடமாக இந்தத் துறைக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். இறக்கிய அடுத்த நிமிஷம் வண்டியைத் திருப்பிவிடுவார். இறங்கியவர்கள் அதன் பிறகு என்ன செய்தார்கள் என்று அவர் பார்த்ததே இல்லை. அவர் அடித்துப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்த அத்தனை பேரும், அவர் முதுகுக்குப் பின்னால், இந்த பெஞ்சில் உட்கார்ந்து மலை பஸ்ஸுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். மின்னல் மெதுவாகத் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளிடம் இதைச் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தார். முடியவில்லை, சொல்லிவிட்டார். அவள் அவர் முழங்கையை ஒரு தடவை தட்டிக்கொடுத்தாள்.

மலை பஸ் ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. இறங்கியவர்களின் தலைமுடியெல்லாம் காற்றில் கலைந்திருந்தது. தையற்காரி, பக்கத்தில் வந்து நின்ற ஒரு பெண்ணிடம், "மேல எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள். அந்தப் பெண் ஆசையாகப் போனை எடுத்து, பிடித்த படத்தைக் காட்டினாள். இவள் போனைக் கையில் வாங்கி, கிட்டே வைத்து, தள்ளி வைத்துப் பார்த்தாள். வெயில் கண்ணாடியில் பட்டு மின்னியது. படம் அவளுக்குச் சிக்கவில்லை என்பது மின்னலுக்குத் தெரிந்தது.

"ரொம்ப அழகா இருக்கும்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் யாராவது வாங்கிக்கொண்டு, மலை உச்சியில் ஒரு கால் மணி கொடுத்தால் போதும் என்றிருந்தது.

படகின் மேல்தட்டில் பலகை பெஞ்சுகள் எதிரெதிராக இருந்தன. முன்னால் போய் நின்றால் ஏரி முழுக்கத் தெரியும், அங்கே போகலாம் என்றார். அவள் வரவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எதிர் பெஞ்சைக் காட்டினாள்.

"இங்க உக்காருங்க."

"அது பின்னால பாத்தது. எனக்குத் தலை சுத்தும்."

"சுத்தட்டும்."

உட்கார்ந்தார். படகு கரையை விட்டு நகர்ந்தது. கரையும் மலையும் அவரைப் பார்த்தபடியே பின்வாங்கின. அவளுக்குப் பின்னால் உச்சி நன்றாகத் தெரிந்தது. வெயில் சாய்ந்து மலைச்சரிவு மடிப்பு மடிப்பாக விழுந்துகிடந்தது. "திரும்பிப் பாரு, உச்சி தெரியுது. கீழேருந்துன்னாலும் நல்லாவே தெரியுது" என்றார் அவசரமாக. வயிறு புரட்ட ஆரம்பித்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

அவள் திரும்பவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தைத்து முடித்த துணியை வெளிச்சத்தில் பிடித்துத் தையல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாளே, அந்த மாதிரி. முதலில் நெற்றி, அங்கிருந்து ஒரு புருவம், பிறகு மற்றது. ஒவ்வொரு இடமாகத் தலையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். அவருக்குக் கூச்சமாக இருந்தது. யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அவர் பயணிகள் எல்லோருக்கும் அவருடைய பிடரிதான் தெரியும்.

"என்ன அப்படிப் பாக்கறே?"

"கார் வேண்டாம்னு ஏன் சொன்னேன்னு நினைச்சீங்க?" என்றாள் அவள். "மலையும் ஏரியும் பாக்கணும்தான். ஆனா கார்ல வந்தா நீங்க ரோட்டைப் பாப்பீங்க. எனக்கு உங்க இடது கன்னம்தான் தெரியும். இத்தனை வருஷமா அதைத்தானே பாத்துட்டு வர்றேன். வீட்டுல எங்க உங்க முகத்தைப் பாக்க முடிஞ்சுது? ரயில்ல எதுத்தாப்புல உக்காரவெச்சேன், எந்திரிச்சு ஓடிட்டீங்க."

மின்னல் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. வலது கன்னத்தைக் காட்டுங்க."

திருப்பினார். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. அவள் நெருங்கி வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டித் தொட்டாள்.

"இது எப்போ இப்படி ஆச்சு?"

அவரும் தொட்டுப் பார்த்தார். தோல் தடித்து, கோடு கோடாக, ஆங்காங்கே கருத்துக் கிடந்தது. அது அவருடைய ஜன்னல் பக்கம். கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்து, வெயிலிலும் காற்றிலும் ஓட்டிய பக்கம். சவரம் செய்யும்போது தினமும் தடவும் கன்னம்தான். இரண்டு கன்னத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"வெயிலுதான்" என்றார்.

"இந்தப் பக்கம் நீங்க கிழவரு" என்றாள் அவள். "என் பக்கம் அப்படியே இருக்கீங்க. வயசாகாத பக்கத்தையே எனக்குக் காட்டிட்டு வந்திருக்கீங்க."

"நான் எங்க காட்டினேன்? நீதான் அந்தப் பக்கம் உக்காந்தே."

அவள் சிரித்தாள்.

"இதையும் நல்லா பாத்து வெச்சுக்கறேன். நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எனக்குள்ள இருக்கறதுதான் இனிமே நீங்க. பழசை மட்டும் வெச்சிருந்தா நீங்க மட்டும் இளசா இருப்பீங்க, நான் தனியா கிழவி ஆயிட்டு இருப்பேன். அது நல்லாயில்லை."

மின்னலுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அவளைப் பார்த்தார். காதோரம் நரைத்த முடி, ஊசி குத்திக் குத்திக் கறுத்த விரல் நுனி, சரியாகத் தெரியாத ஒரு கண், அவரையே பிடித்துக்கொண்டிருந்த இன்னொரு கண். சாலையைப் பார்த்துப் பார்த்தே அவரும் இதையெல்லாம் பார்க்காமல் விட்டிருந்தார். அவருக்கு ஒரு கண்ணும் கெடவில்லை.

"மலையைக் காட்டாம கொண்டுவந்துட்டேனே" என்றார்.

"பேசாதீங்க. முகம் அசையுது."

அளவெடுக்கும்போது வாடிக்கையாளர்களிடம் அவள் சொல்வது அது. அவர் அசையாமல் இருந்தார். தலை சுற்றியது, வயிறு புரட்டியது, முகத்தை வெயிலுக்குக் காட்டியபடியே உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ அந்தக் கரை வந்துகொண்டிருந்தது. இன்னும் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியவில்லை.

படகு சத்தம் குறைந்தது. கயிறு விழுந்தது. ஜனங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு நெருக்கியடித்து எழுந்தார்கள். கரையிலிருந்து மகளின் குரல் கேட்டது. "அப்பா, நேரமாகுது, சீக்கிரம் இறங்குங்க."

தையற்காரி தலையை மறுபடி அவர் முகத்தின் இடது பக்கத்திலிருந்து நகர்த்தத் தொடங்கியிருந்தாள்.

"எல்லாரும் இறங்கட்டும்" என்றார் மின்னல், உதடு மட்டும் அசைய. "நீ பாத்து முடி."